சென்னை வெயிலில் ஒரு ஹவானா

துபாயிலிருந்து வரும் மாமாவோ சிங்கப்பூரிலிருந்து வரும் அண்ணனோ விமான நிலையக் கடையில் ஒரு சிகார் பெட்டி வாங்கி வருகிறார்கள். பயணி ஒருவர் வரி கட்டாமல் 25 சிகார் கொண்டுவரலாம் என்பதால் பெட்டியும் அநேகமாக 25 சிகார் பெட்டியாகத்தான் இருக்கும். வந்த வாரத்திலேயே நாலைந்து செலவாகிவிடும். மிச்சம் பீரோவில் துணிமணிகளுக்கு நடுவே போய்ச் சேரும்.

அது மே மாதமாக, இரவெல்லாம் ஏசி ஓடும் அறையாக இருந்தால், ஒன்றரை மாதம் கழித்து ஒரு சிகாரை எடுத்துக் காதருகே வைத்து விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சருகு நொறுங்கும் சத்தம் கேட்கும். மேலே சுற்றிய மெல்லிய இலையில் நெடுக ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். பற்றவைத்தால் மளமளவென்று எரியும். புகை சூடாக வந்து நாக்கைச் சுடும். கசப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதே பெட்டி ஐப்பசி மழையில் ஏசி இல்லாத அறையில் இருந்திருந்தால் நடப்பது நேர் எதிர். தொட்டால் மெத்தென்று அமுங்கும், இழுத்தால் புகை வராது, ஒரு பக்கம் மட்டும் எரிந்து பாதியில் அணையும். இன்னும் சில வாரம் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பொருள் இப்படிப் பாழாவதைப் பார்க்க மனசு பொறுக்காது. விலை ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒரு சிகாருக்குப் பின்னால் கியூபாவின் பினார் தெல் ரியோ வயல்களிலோ நிகரகுவாவின் எஸ்தெலியிலோ விளைந்த இலை இருக்கிறது. அதை உலர்த்தி, அடுக்கிப் புளிக்கவைத்து, வகை பிரித்து, கையால் சுருட்டியவர்களின் உழைப்பு இருக்கிறது. இலை வயலிலிருந்து பெட்டிக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அதைக் கெடுக்க நம் வீட்டு அலமாரிக்கு ஆறு வாரம் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிகார் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. இழுப்பவர்களுக்கு நுரையீரலும் சேர்த்து. பழக்கம் இல்லாதவர்கள் தொடங்கத் தேவையே இல்லை. 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம். எப்போதாவது விசேஷ நாளில் ஒன்று எடுப்பவர்கள், பரிசாக வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள், சிகாரின் ஈரம் காக்கும் பெட்டியான ஹியூமிடாரை முதல்முறையாக வாங்கக் கடைகடையாகப் பார்ப்பவர்கள் ஆகியோருக்காகவே இந்தக் கட்டுரை.

அவர்களுக்கு வறட்சி, நமக்கு வெக்கை

புகையிலை உலர்ந்த பின்னும் சுற்றியுள்ள காற்றோடு உறவை விடுவதில்லை. காற்றில் ஈரம் கூடினால் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கொடுத்துவிடும். மழைக்காலத்தில் மூடாத டப்பாவில் பொரித்த அப்பளம் நமத்துப்போவதும் இதே கணக்குதான். அப்பளத்துக்கு ஈரமே ஆகாது. சிகாருக்கோ அளவான ஈரம் இருந்தே ஆக வேண்டும். இலையில் உள்ள எண்ணெயும் மணமும் அந்த ஈரத்தோடு சேர்ந்துதான் தங்குகின்றன.

எவ்வளவு ஈரம்? பழைய விதி ‘எழுபதுக்கு எழுபது’: 70 சதவீத ஈரப்பதம், 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம், அதாவது 21 செல்சியஸ். சுருட்டி முடித்த சிகார்களை உடனே பெட்டியில் அடைக்காமல், மிச்ச ஈரம் வடியும்வரை சிடார் அலமாரிகளில் சில வாரம் ஓய்வெடுக்க விடுவது கியூபாத் தொழிற்சாலைகளின் வழக்கம். அந்த அலமாரிகளை ‘எஸ்கபராத்தே’ என்பார்கள். அங்கே கிடைக்கும் சூழ்நிலையைச் சிறு அளவில் வீட்டில் உண்டாக்குவதுதான் ஹியூமிடாரின் வேலை. இன்று பலரும் 70-ஐ விட்டு இறங்கி 65-க்கு வந்துவிட்டார்கள். 65-ல் சிகார் சீராக எரிகிறது, இழுக்கவும் சுலபம். நம் ஊர் வெப்பத்தில் 70 என்பது பூஞ்சைக்கு இலை போட்டு விருந்து வைப்பதுதான். 62 முதல் 65-க்குள் வைப்பதே நமக்கு நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

ஹியூமிடார் பற்றிக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். எனவே பெட்டி ஈரம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் உள்ளே தண்ணீர் ஊற்றும் ஸ்பாஞ்சு. அதையே சென்னையில் நவம்பர் மாதம் செய்தால், வெளிக்காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போது உள்ளே இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். ஸ்பாஞ்சுக்குக் கொடுக்கத் தெரியுமே தவிர, வாங்கத் தெரியாது. நமக்கு வேண்டியது கூடினால் உறிஞ்சி, குறைந்தால் விடும் ஏற்பாடு. அதைவிட முக்கியமானது வெப்பம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சென்னையில் பெரும்பாலான இரவுகளில்கூட வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் மரப்பெட்டி எதுவும் வெக்கையைத் தடுக்காது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

முதல் பெட்டி

ஹியூமிடார் என்றதும் பளபளவென்று பாலிஷ் போட்ட, பித்தளைப் பூட்டு வைத்த மரப்பெட்டி கண்முன் வரும். அந்த அழகுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1961-ல் ஜான் கென்னடி அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் அவருக்கு ஒரு ஹியூமிடார் பரிசளித்தார். 1996-ல் சாத்பீஸ் ஏலத்தில் அது 5,74,500 டாலருக்குப் போனது; வாங்கியவர் ‘சிகார் அஃபிஷியனாடோ’ பத்திரிகையின் அதிபர் மார்வின் ஷாங்கன். கென்னடியின் சிகார் பற்று ஊரறிந்தது. 1962-ல் கியூபா மீது வணிகத் தடை விதிக்கும் உத்தரவில் கையெழுத்திடுவதற்கு முன், தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பி 1,200 கியூபா சிகார்களைத் திரட்டி வைத்துக்கொண்டார் என்பதைச் சாலிஞ்சரே பின்னாளில் எழுதினார்.

ஆனால் முதல் பெட்டி மரப்பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமையலறைச் சாமான்கள் விற்கும் கடையில் கிடைக்கும், மூடியைச் சுற்றி ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் கொக்கியும் உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா சில நூறு ரூபாய்தான். அதைக் கழுவி, வாடை போக இரண்டு நாள் திறந்துபோட்டு, காலியான சிகார் பெட்டியின் சிடார் பலகை ஒன்றை அடியில் போட்டு, ஈரம் சமன்செய்யும் பொட்டலம் ஒன்றை வைத்தால் போதும். மலிவான மரப்பெட்டியைவிட நம் ஊர் மழைக்காலத்தை இது நன்றாகவே தாங்கும். பார்க்க அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். 25 சிகாரோடு தொடங்குபவர் முதல் ஓராண்டு இதில் பழகி, இந்தப் பொழுதுபோக்கு நிலைக்குமா என்று தெரிந்தபின் மரத்துக்குப் போவதே புத்திசாலித்தனம்.

மரப்பெட்டிதான் வேண்டும் என்றால் முதலில் உள்மரத்தைப் பாருங்கள். நல்ல பெட்டிகளின் உள்ளே ஸ்பானிஷ் சிடார் பலகை இருக்கும். அந்த மரம் ஸ்பெயினில் வளர்வதும் இல்லை, உண்மையான சிடார் இனமும் இல்லை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த செட்ரெலா ஓடொராட்டா, நம் வேப்பமரத்தின் குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சந்தனவேம்பு அதற்கு இன்னும் நெருங்கிய உறவு. ஈரத்தை வாங்கி மெல்ல விடும், ஊறினாலும் அதிகம் வளையாது, சிகாரின் மணத்தோடு ஒத்துப்போகும் ஒரு நறுமணம் உண்டு. வேப்பங்குடும்பம் ஆயிற்றே, வண்டு வராதே என்று நம்பிவிடக் கூடாது. இந்த மரத்தின் மணம் வண்டைத் தடுத்துவிடாது.

அடுத்தது மூடி. பெட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கையை விட்டால் அது டப்பென்று விழக் கூடாது. உள்ளிருக்கும் காற்று தாங்க, மெல்ல இறங்கி உட்கார வேண்டும். ஒரு பத்து ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இதைச் செய்யுங்கள். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே சந்து இருக்கிறது. எரியும் செல்போன் டார்ச்சை உள்ளே வைத்து மூடி, அறை விளக்கை அணைத்தால் வெளிச்சம் கசியும் இடம் தெரியும். பிறகு தலையைக் குனிந்து முகருங்கள். மரவாசம் வர வேண்டும். பசை வாடையோ வார்னிஷ் வாடையோ வந்தால் விலை பாதியானாலும் வேண்டாம்; அந்த வாடை எல்லா சிகாரிலும் ஏறிவிடும். கண்ணாடி மூடி போட்ட பெட்டிகள் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணாடியும் மரமும் சேரும் இடத்தில் காற்று கசியும், வெளிச்சமும் இலைக்கு ஆகாது. முதல் பெட்டிக்கு வேண்டாம்.

‘50 சிகார்’ என்று எழுதிய பெட்டியில் 50 பிடிக்காது. அந்தக் கணக்கு ஒல்லியான சிறு சிகாரை வைத்துப் போட்டது. இப்போது பலரும் விரும்பும் பருமனான வகைகளில் 30 வைத்தால் அதிகம். மூச்சுவிடக் கொஞ்சம் இடமும் வேண்டும். எனவே 25 சிகாருக்கு 50 என்று போட்ட பெட்டி சரியாக இருக்கும்.

உப்பு சொல்லும் உண்மை

பெட்டியோடு இலவசமாக வரும், முள் வைத்த ஈரமானியை நம்பாதீர்கள். பத்துப் பதினைந்து சதவீதம்கூடப் பொய் சொல்லும். சிறிய டிஜிட்டல் மானி ஒன்று தனியாக வாங்குங்கள். வாங்கியதும் அதையும் சோதியுங்கள். சோதனைக்கூடம் எதுவும் வேண்டாம், சமையலறை உப்பு போதும்.

தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் பொடி உப்பை நிரப்புங்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். ஈர மணல் பதம் வர வேண்டும். உப்பு கரைந்து மேலே தண்ணீர் நின்றால் அதிகம். அந்த மூடியையும் மானியையும் ஜிப் பையில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் வைத்துக் காற்றோடு மூடி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டுவிடுங்கள். நீரில் ஊறிய சாதாரண உப்பு, தன்னைச் சுற்றி மூடிய காற்றில் 75 சதவீத ஈரப்பதத்தை நிலைநிறுத்தும். இது இயற்பியல், பிராண்ட் பார்த்து மாறாது. மறுநாள் மானி 71 காட்டினால் அது 4 குறைத்துச் சொல்கிறது என்று பொருள். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மானியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

‘போவேதா’ போன்ற பொட்டலங்கள் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். ஈரம் மட்டும் போய்வரக்கூடிய உறைக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது. எந்த உப்பு என்பதைப் பொறுத்து 62, 65, 69, 72 என்று அந்தந்த அளவில் காற்றை நிறுத்தும். கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். 25 சிகார் கொள்ளளவுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்பது கணக்கு. உள்ளே கட்டி தட்டி விறைத்துப்போனால் மாற்ற வேண்டும். இரண்டு வேறு அளவுப் பொட்டலங்களை ஒரே பெட்டியில் போடக் கூடாது. ஒன்று விடுவதை இன்னொன்று வாங்கி, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். ஸ்பாஞ்சு வகைதான் கையில் இருக்கிறது என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் உப்புப் படியவைத்து ஸ்பாஞ்சை அடைத்துவிடும்.

புது மரப்பெட்டிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். உலர்ந்த மரம் நேரே சிகாரிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை முதலில் பதப்படுத்த வேண்டும். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லும் பழைய வழக்கத்தில் பலகை வளைந்துவிடும் ஆபத்து உண்டு. 84 சதவீதப் பொட்டலங்களைக் காலிப் பெட்டியில் வைத்து இரண்டு வாரம் மூடிவைப்பது பாதுகாப்பானது. நம் ஊரில் மழைக்காலத்தில் வாங்கிய பெட்டி என்றால் மரம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கக்கூடும். இரண்டு நாள் மானியை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மல்லித்தூளில் இருக்கும் அதே வண்டு

ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் சிகாரின் மேல் குண்டூசியால் குத்தியது மாதிரி வட்டமான ஒரு சிறு துளை. கீழே பலகையில் பழுப்பு நிறத் தூள். சிகாரை உள்ளங்கையில் தட்டினால் இன்னும் கொஞ்சம் தூள் கொட்டும். சிகார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அஞ்சுவது இதைத்தான். லசியோடெர்மா செர்ரிகோர்ன் என்ற புகையிலை வண்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். நம் வீடுகளுக்கு அது புதிதல்ல. மல்லி, மிளகாய், மஞ்சளில் வரும் வண்டுகளில் இதுவும் ஒன்று. சிகார் பெட்டியை மளிகைச் சாமான் அலமாரிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

முட்டை வயலிலிருந்தோ கிடங்கிலிருந்தோ இலையோடு வந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. குளிர்ச்சியில் அது சும்மா கிடக்கும். வெப்பம் 25 டிகிரியை நெருங்கித் தாண்டும்போதுதான் பொரித்துப் புழு வெளிவந்து இலையைக் குடைகிறது. நம் கோடை அதற்குச் சொர்க்கம். பெரிய நிறுவனங்கள் சிகார்களை உறையவைத்தே அனுப்புகின்றன என்றாலும், வழியில் கடையிலும் கிடங்கிலும் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஒன்றில் துளை கண்டாலும் மொத்தப் பெட்டிக்கும் வைத்தியம் செய்ய வேண்டும். துளை விழுந்ததை எறிந்துவிடுங்கள். மற்றவற்றை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, அதை இன்னொரு ஜிப் பைக்குள் வையுங்கள். ஒரு நாள் ஃபிரிட்ஜில், பிறகு மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழோ போகும் ஃபிரீசரில் குறைந்தது மூன்று நாள். வீட்டு ஃபிரீசர் அடிக்கடி திறந்து மூடப்படுவது என்பதால் நான் ஒரு வாரம் என்பேன். மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ், கடைசியில் அறை வெப்பம். அவசரப்பட்டு நேரே ஃபிரீசருக்குள் தள்ளினாலோ வெளியே எடுத்து உடனே பையைப் பிரித்தாலோ மேலிலை வெடிக்கும். இதற்கிடையில் காலிப் பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள்.

சிலர் சிகாரை நிரந்தரமாகவே ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். அது தவறு. உறைபனி கட்டாத ஃபிரிட்ஜின் காற்று மிக வறண்டது. அதோடு நேற்றைய மீன் குழம்பின் வாசமும் அங்கேதான் இருக்கிறது.

சிகாரின் மேல் வெண்மையாகப் பூத்திருந்தால், அது இலையின் எண்ணெய் வெளிவந்து படிந்தது, தரத்தின் அடையாளம் என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது பூஞ்சைதான். மேலிலையில் மட்டும் லேசாக இருந்தால் துடைத்துத் தனியே வைத்து ஈரத்தைக் குறைக்கலாம். பற்றவைக்கும் முனையில், உள்ளிலைகளுக்கு நடுவே தெரிந்தாலோ பச்சை, நீல நிறம் கண்டாலோ குப்பைக்குத்தான் போக வேண்டும்.

பெட்டியை வைக்கும் இடம் பெட்டியைவிட முக்கியம். மேற்கு வெயில் படும் சுவர், பரண், டிவிக்கு மேல், ஃபிரிட்ஜ் தலை எல்லாம் வேண்டாம். தினமும் ஏசி ஓடும் படுக்கையறையில், மர அலமாரியின் கீழ்த்தட்டில், உள்பக்கச் சுவரோரம் வையுங்கள். பகலில் ஏசி இல்லாதபோதும் அங்கே வெப்பம் மெதுவாகவே ஏறும். சேர்க்கை 100-ஐத் தாண்டிப் போகிறவர்கள் 18 டிகிரியில் நிற்கும் சிறிய ஒயின் குளிர்பெட்டி வாங்கி, அதற்குள் மூடிய டப்பாக்களில் வைப்பதுதான் தமிழ்நாட்டுக் கோடைக்கு முழுமையான தீர்வு.

எல்லாச் சுருட்டுக்கும் இந்தப் பாடு வேண்டியதில்லை. டச்சு வகைச் சிறு சிகார்கள் உலர்வாகவே தயாராகின்றன, தகர டப்பாவே அவற்றுக்குப் போதும். நம் திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் ஹியூமிடார் ஏதுமின்றிக் கப்பலேறி இங்கிலாந்து வரை போயிருக்கிறது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். திண்டுக்கல் இலையும் உறையூர்க் கைகளும் வாங்கித்தந்த பெயர் அது.

வாங்கி வந்ததும் சிகார்களை இரண்டு வாரமாவது பெட்டிக்குள் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். விமானப் பயணமும் ஊர் மாற்றமும் இலையின் ஈரத்தைக் குலைத்திருக்கும். செலோஃபேன் உறையைப் பிரிக்க வேண்டாம். அது ஈரத்தைப் போய்வர விடும், கைபட்டு மேலிலை கிழியாமலும் காக்கும். வெனிலா, ரம் வாசம் ஏற்றியவை இருந்தால் அவற்றுக்குத் தனி டப்பா. காய்ந்துபோன பழைய சிகார் கையில் இருந்தால் நேரே 69-ல் போடாதீர்கள். உள்ளிலை வேகமாக ஊதி மேலிலை பிளந்துவிடும். முதலில் 62, சில வாரம் கழித்து 65 என்று மெல்ல ஏற்றுங்கள். ஈரம் திரும்பும்; பறந்துபோன எண்ணெய் திரும்பாது. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, மானியைப் பார்த்து, சில நிமிடம் காற்றோட விட்டு மூடுவது போதும். மின்சாரம் போன நேரத்தில் கவலையில் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

கியூபாப் பெட்டியாக இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பானிஷ் மாதப் பெயரின் மூன்று எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் முத்திரையாக இருக்கும். அது பெட்டியில் அடைத்த தேதி. அதோடு வாங்கிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். சரியாக வைத்த நல்ல சிகார் ஆண்டுகள் போகப்போக முரட்டுக் காரமும் அமோனியா வாடையும் தணிந்து மெருகேறும். 25-ல் நாலைந்தை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து, எப்படி இருந்தது என்று அந்தச் சீட்டிலேயே ஒரு வரி எழுதி வாருங்கள். உங்கள் வீட்டுக்கு 62 பொருந்துகிறதா 65 பொருந்துகிறதா என்பதை அந்தச் சீட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.